அந்த டியூப்பில் என்ன இருக்கிறது?



இந்த மேடையில் இதய நோயைப் பற்றிப் பேசியிருப்பார்கள். புற்றுநோயைப் பற்றிப் பேசியிருப்பார்கள். தோல் மருத்துவராகிய நான் அரிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொடை இடுக்கில், அக்குளில், பாவாடை நாடா இறுகும் இடுப்பில், மார்புக்குக் கீழ் மடிப்பில், கால் விரல் இடுக்கில் வருகிற அரிப்பு. அதற்காக நாம் கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிற பதினைந்து கிராம் டியூப்.

சபையில் பேசக் கூச்சமான பொருள்தான். ஆனால் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே இந்த நோயை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டோம். இங்கே அமர்ந்திருக்கிறவர்களில், வீட்டில் அப்படியொரு டியூப் இல்லாதவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், மனதுக்குள் நினைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவிலோ, பீரோவின் மேல்தட்டிலோ, அடிப்பக்கத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய ஒரு டியூப் கிடக்கும். யார் வாங்கியது, எதற்கு வாங்கியது என்பது வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் யாருக்கு அரித்தாலும் அதைத்தான் எடுப்போம். அந்த டியூப்பில் என்ன இருக்கிறது? இன்று நான் கேட்க வந்தது இந்த ஒரு கேள்விதான்.

முதலில் எதிராளி யார் என்று பார்த்துவிடுவோம். படர்தாமரை என்கிறோம், படை என்கிறோம், கிராமத்தில் வண்டுகடி என்கிறோம். வண்டு எதுவும் கடிப்பதில்லை, புழுவும் இல்லை. அது பூஞ்சை. நம் தோலின் மேலடுக்கில், நகத்தில், முடியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிற பூஞ்சை. ஓர் இடத்தில் விழுந்து, நாலாப் பக்கமும் வெளிநோக்கி வளர்ந்துகொண்டே போகும். நடுவில் தோல் தெளிந்துவிடும், ஓரம் சிவந்து மேடிட்டு நிற்கும். அதனால்தான் அது வட்டமாகத் தெரிகிறது. பூஞ்சை மும்முரமாக வேலை செய்வது அந்த ஓரத்தில். இதை நினைவில் வையுங்கள், மருந்து பூசுவதைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவேன்.

தேமலும் பூஞ்சைதான், ஆனால் வேறு இனம். மலசீசியா என்ற ஈஸ்ட், எண்ணெய்ப் பிசுக்குள்ள எல்லார் தோலிலும் குடியிருப்பது. வேர்வையும் வெக்கையும் கூடும்போது அளவு மீறி வளர்ந்து, முதுகிலும் மார்பிலும் வெளிறிய திட்டுகளைப் போடுகிறது. மூன்றாவது கேண்டிடா. இதுவும் ஈஸ்ட்தான். வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் சாதுவாக இருப்பது. ஈரமும் சர்க்கரையும் கூடினால் கிளம்பிவிடும். குழந்தைக்கு டயப்பர் கட்டிய இடத்தில் செக்கச்செவேலென்று புண்ணாவதும், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் தெறித்திருப்பதும் பல நேரம் இதன் வேலை.

மூன்றும் பூஞ்சை. ஆனால் மூன்றுக்கும் எல்லா மருந்தும் கேட்பதில்லை. நிஸ்டாட்டின் கேண்டிடாவை அழிக்கும், படர்தாமரையை அதனால் தொடக்கூட முடியாது. டெர்பினஃபைன் படர்தாமரைக்கு நல்ல மருந்து, கேண்டிடாவிடம் அதன் வலு குறைவு. குளோட்ரிமசோல் இரண்டுக்கும் பயன்படும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மருந்து உங்களுக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை. சீமை அகத்தி என்ற செடிக்கே வண்டுகொல்லி என்று இன்னொரு பெயர் உண்டு. அதன் இலையை அரைத்துப் படையில் பூசுவார்கள். அந்த இலையில் பூஞ்சைக்கு எதிரான வேதிப்பொருள்கள் இருப்பது உண்மை. இங்கிலாந்தில் ஆர்தர் விட்ஃபீல்டு என்ற தோல் மருத்துவர் 1907இல் ஒரு களிம்பைச் சொன்னார். பென்சாயிக் அமிலம் ஆறு பங்கு, சாலிசிலிக் அமிலம் மூன்று பங்கு. ஒன்று பூஞ்சையைத் தடுக்கும், மற்றது பூஞ்சை பிடித்த மேல்தோலை உரித்துத் தள்ளும். எரியும், காந்தும், தொடை இடுக்கில் பூசினால் துள்ளிக் குதிக்க வேண்டியதுதான். ஆனாலும் மலிவான மருந்து, வேலை செய்யும் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற மருந்து. நம் அரசு மருத்துவமனை வரிசையில் நின்று அந்தக் களிம்பை வாங்கிப் போனவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள்.

அடுத்து இரண்டு பெண்களின் கதை. தங்கைகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

1940களில் பென்சிலினும் மற்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் வந்தன. பாக்டீரியா செத்தது. பாக்டீரியா செத்த இடத்தில் கேண்டிடா தலைதூக்கியது. மனித உடலுக்குத் தீங்கில்லாமல் அதை அழிக்க நல்ல மருந்து இல்லை. அப்போது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் இரண்டு பெண் விஞ்ஞானிகள் இருந்தார்கள். எலிசபெத் லீ ஹேசன் நியூயார்க் நகரத்தில், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் ஆல்பனியில். ஹேசன் மண் மாதிரிகளைச் சேகரித்து, அதில் வளரும் நுண்ணுயிர்களைப் பூஞ்சையோடு மோதவிட்டுப் பார்ப்பார். ஏதாவது பூஞ்சையைக் கொன்றால், அதை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். அங்கே பிரவுன், கொல்கிற பொருள் எது என்று பிரித்தெடுத்து, மறுபடி தபாலில் திருப்பி அனுப்புவார். தபால்காரர் கையில் போய்ப் போய் வந்த ஆராய்ச்சி அது. கடைசியில் பலன் தந்த மண் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர் குடும்பத்துப் பால்பண்ணையிலிருந்து. அந்தக் குடும்பப் பெயரான நவுர்ஸ் என்பதையே அந்த நுண்ணுயிருக்கும் வைத்தார்கள். 1950இல் இருவரும் தங்கள் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். அதுதான் நிஸ்டாட்டின். தாங்கள் வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர்.

அந்த மருந்தின் காப்புரிமைத் தொகை ஒரு கோடியே முப்பது லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்து டாலர். இரண்டு பெண்களும் அதில் தங்களுக்கென்று ஒரு காசு எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். 1966இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் வெள்ளம் புகுந்து பழம்பெரும் ஓவியங்களில் பூஞ்சை பூத்தபோது, அவற்றைக் காப்பாற்றவும் இந்த மருந்து கைகொடுத்தது. பூஞ்சை மருந்தின் வரலாறு இப்படிப்பட்டவர்களிடமிருந்து வந்தது. அதை இன்று நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

1960களின் முடிவில் குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற அசோல் மருந்துகள் வந்தன. பிறகு கீட்டோகோனசோல், டெர்பினஃபைன், 2005இல் ஜப்பானிலிருந்து லுலிகோனசோல். இவை எப்படி வேலை செய்கின்றன? நம் செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் செல் சவ்வில் கொலஸ்ட்ராலுக்குப் பதில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. இந்த மருந்துகள் எர்கோஸ்டெரால் உருவாகும் வழியை நடுவிலேயே மறித்துவிடுகின்றன. சவ்வு ஓட்டையாகி, பூஞ்சை சாகிறது. நம் செல்லுக்குச் சேதமில்லை. எவ்வளவு நுட்பமான மருந்து! அந்த மருந்து மட்டும் நம் டியூப்பில் இருந்திருந்தால், இன்று இப்படியொரு பேச்சுக்கே அவசியம் வந்திருக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஓ.பி.யில் ஒரு கொத்தனார். நடுத்தர வயது. சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பிலிருந்து தொடை வரை படை. ஒரு வட்டம் இல்லை, வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். அரைஞாண் கயிறு இருந்த தடத்தில் கறுத்துத் தடித்த தோல். தொடை இடுக்கில், பிள்ளை பெற்ற வயிற்றில் வருமே, அந்த மாதிரிக் கோடு கோடாகத் தோல் கிழிந்த தழும்புகள். மஞ்சள் பையிலிருந்து நாலைந்து டியூப்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“டாக்டரம்மா, போட்டா ரெண்டு நாள்ல நல்லா கேக்குது. நிறுத்துனா மறுபடி வந்துடுது. அதான் விடாம போட்டுக்கிட்டே இருக்கேன்.”

“எழுதிக் கொடுத்தது யாருங்க?”

“யாரு எழுதிக் குடுப்பா? மெடிக்கல்ல அரிப்புன்னு சொன்னேன், எடுத்துக் குடுத்தாங்க. எங்க சித்தாளுங்க எல்லாரும் இதைத்தாம்மா போடுறாங்க.”

டியூப்பைத் திருப்பி, எறும்பு ஊர்வது மாதிரி அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்தேன். டெர்பினஃபைன் இருந்தது, அது பூஞ்சை மருந்து. ஆஃப்லாக்சசின் இருந்தது, அது பாக்டீரியாவுக்கான மருந்து. ஆர்னிடசோல் இருந்தது, அமீபா போன்ற கிருமிகளுக்கானது. கூடவே குளோபெட்டசால். அது ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை வலிமைப்படி ஏழு படிகளாக அடுக்குவார்கள். குளோபெட்டசால் உச்சிப் படியில் இருப்பது. சோரியாசிஸ் போன்ற நோய்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடாமல் பயன்படுத்த வேண்டிய மருந்து. கொத்தனார் அதைத் தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசியிருக்கிறார். தோல் மெலிந்த இடத்தில், இரண்டு பக்கமும் உரசி மூடிக்கொள்ளும் இடத்தில் மருந்து இன்னும் பல மடங்கு உள்ளே இறங்கும்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? அரிப்பும் சிவப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்கிற காரியம் அல்ல. பூஞ்சை நுழைந்துவிட்டது என்று நம் உடல் எழுப்புகிற கூச்சல் அது. ஸ்டீராய்டு அந்தக் கூச்சலை அடக்குகிறது. வீட்டுக்குள் திருடன் நிற்கும்போது, தூக்கம் கெடுகிறதே என்று குரைக்கிற நாயின் வாயைக் கட்டினால் எப்படி இருக்கும்? அரிப்பு நின்றுவிடும், சிவப்பு போய்விடும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். டியூப்பை நிறுத்தினால், அடங்கியிருந்த கூச்சல் முன்பைவிடப் பல மடங்காகக் கிளம்பும். உடனே இன்னொரு டியூப். அது தீர்ந்தால் இன்னொன்று. இந்தச் சுழலிலிருந்து எப்படி வெளியே வருவது?

இதை 1968இலேயே இங்கிலாந்தில் ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். ஸ்டீராய்டு பூசிப் பூசி, படர்தாமரை தன் வட்ட வடிவத்தையே இழந்து, பார்க்கிற மருத்துவரையே ஏமாற்றும் என்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் ஸ்டீராய்டையும் பூஞ்சை மருந்தையும் ஒரே டியூப்பில் கலந்து விற்க விட்டோம்.

அதன் பலனை நாடே அனுபவிக்கிறது. நான் மருத்துவம் படித்த காலத்தில் படர்தாமரை என்றால் சாதாரணம். இரண்டு மூன்று வாரம் களிம்பு பூசினால் போய்விடும். சுமார் 2014க்குப் பிறகு நிலைமை மாறியது. குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். கைக்குழந்தைக்கு வந்தது, பாட்டிக்கு வந்தது, முகத்தில் வந்தது. 2017இல் வதோதராவைச் சேர்ந்த மருத்துவர் ஷியாம் வர்மாவும், சென்னையின் மருத்துவர் ஆர். மதுவும், இதை இந்தியாவின் மாபெரும் தொற்று என்றே குறிப்பிட்டு எழுதினார்கள். நாட்டின் தோல் மருத்துவர் சங்கம் ஸ்டீராய்டுக் களிம்பின் தவறான பயன்பாட்டுக்கு எதிராகத் தனிப் பணிக்குழுவே அமைத்திருக்கிறது.

பூஞ்சையும் மாறிவிட்டது. டெர்பினஃபைன் பூஞ்சையின் ஒரு நொதியைப் பிடித்து நிறுத்தித்தான் வேலை செய்கிறது. அந்த நொதியின் அமைப்பில் சின்ன மாற்றம் வந்த பூஞ்சையிடம் மருந்து பலிப்பதில்லை. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த வகைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். 2023இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது இருந்ததை அறிவித்தது. ஒருவர் பங்களாதேஷ் போய் வந்தவர். மற்றவர் அண்மையில் வெளிநாடு எங்கும் போகாதவர். புரிகிறதா? தெருமுனைக் கடையில் அரிப்புக்கு என்று கேட்டு வாங்கிப் பூசுவதன் விளைவு நம் தெருவோடு நிற்பதில்லை.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். நெடுங்காலம் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளுக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. 2018 மார்ச் மாதம் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. இப்படிப்பட்ட கலவைக் களிம்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு கலவை போனால் இன்னொரு கலவை வருகிறது. சீட்டு இல்லாமல் கொடுக்காதே என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. கடையில் யார் கேட்கிறார்கள்? நாம்தான் சீட்டை நீட்டுகிறோமா? கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்பை யோசிக்காமல் எழுதித் தருகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? டியூப்பைத் திருப்பிப் படியுங்கள். பிராண்ட் பெயரை விடுங்கள், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு. குளோட்ரிமசோலும் குளோபெட்டசாலும் காதில் ஒன்றுபோல விழும். ஒன்று பூஞ்சையைக் கொல்லும், ஒன்று வளர்க்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் படிக்கச் சொல்லுங்கள். பூஞ்சைக்கு வாங்கும் டியூப்பில் ஒரே ஒரு மருந்துதான் இருக்க வேண்டும்.

எப்படிப் பூசுவது? இதைச் சொல்லித்தர நம் ஊரில் ஆளில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குளித்து, நன்றாகத் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகு பூச வேண்டும். வட்டத்தின் நடுவில் மட்டும் அல்ல, ஓரத்திலும் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை அகலத்துக்கும். பூஞ்சை ஓரத்தில்தான் வேலை செய்கிறது என்று சொன்னேனே, அதற்காகத்தான். எவ்வளவு பூசுவது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கணு வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். பெரியவர்களின் இரண்டு கை அளவு இடத்துக்கு, அதாவது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை இடத்துக்கு, அது போதும்.

இப்போது கணக்குப் போடுங்கள். அந்தக் கொத்தனாருக்கு ஆறு கை அளவு படை. ஒரு வேளைக்கு மூன்று கோடு, ஒன்றரை கிராம். காலை மாலை சேர்த்து மூன்று கிராம். பதினைந்து கிராம் டியூப் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். நான்கு வாரம் பூச வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஆறு டியூப். நாம் என்ன செய்கிறோம்? ஒரு டியூப்பை வைத்துக்கொண்டு, பட்டும் படாமலும் தொட்டு வைத்து, அது தீர்ந்ததோடு வைத்தியமும் தீர்ந்தது என்று விட்டுவிடுகிறோம். படை மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் பூச வேண்டும். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது, அதுவரை பூஞ்சையின் மிச்சம் அங்கே ஒளிந்திருக்கும். ஆறு டியூப் வாங்க வசதியில்லை என்றால் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் வெறும் குளோட்ரிமசோல் கிரீம் கேட்டுப் பாருங்கள்.

படை இடுப்பு, தொடை, முதுகு என்று பல இடங்களில் பரவியிருந்தால் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். தலையில் வரும் படைக்கும் மாத்திரைதான், களிம்பு முடி வேருக்குள் இறங்காது. நகச்சொத்தைக்கும் பெரும்பாலும் அப்படியே. கைநகத்துக்கு ஆறு வாரம், கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் டெர்பினஃபைன் மாத்திரை என்பது வழக்கமான கணக்கு. அந்த மாத்திரைகளைக் கல்லீரலையும், நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் பார்த்துத்தான் கொடுப்போம். கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

தேமலுக்கு ஒரு வார்த்தை. மருந்து போட்டுப் பூஞ்சை செத்த பிறகும் வெள்ளைத் திட்டு மாதக்கணக்கில் இருக்கும், நிறம் மெதுவாகத்தான் திரும்பும். அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று கலங்க வேண்டாம். ஆனால் வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை, சுட்டாலும் தெரியவில்லை என்றால் அது தேமல் இல்லை. தொழுநோயா என்று பார்க்க வேண்டும், உடனே வாருங்கள். அதற்கு முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து அரசிடம் இலவசமாக இருக்கிறது.

இனி தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஆண்களும் கேளுங்கள், உங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றியதுதான்.

டிபன் கடை நடத்துகிற ஓர் அம்மா மருமகளோடு வந்தார். எப்போதும் தண்ணீரில் நிற்கும் கால். விரலிடுக்கில் சேற்றுப்புண் என்று காட்டினார். பார்த்து மருந்து எழுதினேன். மருமகள் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. கதவைப் பார்த்தார், முந்தானை நுனியைச் சுருட்டினார், பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “கீழேயும் அரிக்குதும்மா. ரொம்ப நாளாச்சு. அவரு போடுற ஆயின்மெண்டைத்தான் போட்டுக்கிறேன். இதைப் போய் யாருகிட்டம்மா சொல்றது?”

கேண்டிடா. தயிர் திரிந்தாற்போல வெள்ளைப்படுதல், எரிச்சல், புண். அவருடைய கணவர் தன் படைக்குப் போடுகிற ஸ்டீராய்டுக் கலவையை இவர் அந்த இடத்தில் பூசியிருக்கிறார். சர்க்கரை பார்க்கச் சொன்னேன். மிக அதிகமாக இருந்தது. தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அந்த அரிப்பு எத்தனை நாளாக அவரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது!

பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது கேண்டிடா தொற்று வருகிறது என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. இதில் ஒழுக்கக் கேடு எங்கே இருக்கிறது? சுத்தக் குறைவு எங்கே இருக்கிறது? ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் வரும், கர்ப்பத்தில் வரும், சர்க்கரை கூடினால் வரும். சர்க்கரைக்கு இப்போது பலரும் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அதனால் ஆண் பெண் இருவருக்கும் பிறப்புறுப்பில் இந்தத் தொற்று வரலாம். வந்தால் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எழுதிய மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆண்களுக்குக் குறியின் முன்தோலில் அடிக்கடி புண்ணாகி வெடிப்பு விடுகிறது என்றாலும் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. குளோட்ரிமசோல் உள்ளே வைக்கும் மாத்திரையாகவும் கிரீமாகவும் கிடைக்கிறது. ஆனால் எல்லா அரிப்பும் கேண்டிடா இல்லை, எல்லா வெள்ளைப்படுதலும் பூஞ்சை இல்லை. முதல் முறை வந்தாலும், அடிக்கடி வந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும். கர்ப்பிணிகள் ஃபுளுகோனசோல் மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. மகள் கேட்டால் திட்டாதீர்கள். மாமியார் தயங்கினால் மருமகள் கேளுங்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. அரைஞாண் கயிறு ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சையையும் பிடித்து வைக்கும். படை இருக்கும் வரை கழற்றி வையுங்கள். சாமிக்கு வேண்டிக் கட்டியது என்றால் ஆறிய பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பாத்ரூம் கம்பியில் உள்ளாடையைக் காயப்போடும் வழக்கத்தை விடுங்கள். பெண்களின் உள்ளாடையை யாரும் பார்க்கக் கூடாது என்று துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயவைக்கிறார்கள். ஈரம் போகாத துணியை உடுத்தினால் நோய்தான் வரும். வெயிலில் விரித்துப் போடுங்கள், இஸ்திரி போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கொஞ்ச நாள் வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். ஆளுக்கொரு துண்டு வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லாரையும் பார்த்து, இருக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மருந்து தர வேண்டும். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டித் தோல் வெந்துபோய் வருகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம்.

அந்தக் கொத்தனார் தேறிவிட்டாரா என்று கேட்பீர்கள். தேறினார், ஆனால் பல மாதம் ஆனது. களிம்பு, மாத்திரை, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைத்தியம். அரிப்பு தாங்காமல் நடுவில் இரண்டு தடவை பழைய டியூப்பைத் தேடினாராம். படை போய்விட்டது. தொடையில் கிழிந்த கோடுகள் போகவில்லை, அவை போகாது.

இப்போது ஸ்டீராய்டு கலந்த டியூப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. என் பேச்சைக் கேட்டுவிட்டு இன்று இரவே பயந்துபோய், வேறு எதையாவது வாங்கிப் பூசிவிடாதீர்கள். நிறுத்தினால் சில நாள் அரிப்பு கூடத்தான் செய்யும். முகத்தில் பூசியிருந்தால் சிவந்து எரியும். அதைத் தாங்கிக்கொள்ள மருத்துவர் உதவி வேண்டும். ஓ.பி.க்கு வாருங்கள். படையின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை இழையாகத் தெரியும். வலிக்காத பரிசோதனை, சிறிது நேரத்தில் முடிந்துவிடும். வரும்போது வீட்டிலிருக்கும் டியூப்களையெல்லாம் எடுத்து வாருங்கள். தீர்ந்துபோனதாக இருந்தாலும் பரவாயில்லை, அட்டைப்பெட்டி மட்டும் இருந்தாலும் போதும், உள்ளே என்ன இருந்தது என்று படித்துச் சொல்லிவிடுவேன்.

கேள்வி நேரம் இருக்கிறது என்று அவைத் தலைவர் சொல்கிறார். எழுந்து கேட்கத் தயங்குகிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் போட வேண்டாம்.